இந்த வெயிலுக்கு ஒரு டின்

அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் அவரை பிரேக் மாஸ்டர் என்பார்கள். பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்தான் காரணம். எல்லாப் பயிற்சி வண்டியிலும் அது உண்டு. ஆனால் மற்ற மாஸ்டர்கள் மிதித்தால் வண்டி குலுங்கி நிற்கும், கூடவே வசவும் விழும். இவர் மிதித்தது யாருக்கும் தெரியாது. எதிரே பஸ் வரும், ஓட்டுகிறவருக்கு எதை மிதிப்பதென்றே மறந்துபோகும், வண்டி தானாக வேகம் குறைந்து ஓரமாக நின்றுவிடும். "பாத்தீங்களா, எவ்வளவு அழகா நிறுத்தினீங்க" என்பார். அவர்களும் தாங்கள்தான் நிறுத்தினோம் என்று நம்பி, வீட்டுக்குப் போய்ப் பெருமை அடித்துக்கொள்வார்கள்.

அடுத்தவர் பயத்தை அவர்களுக்கே தெரியாமல் வாங்கித் தன் காலடியில் போட்டுக்கொள்ளும் மனிதர். வெளியிலிருந்து பார்த்தால் தங்கமான குணம். கூட இருந்தவர்களுக்கு அதில் ஒரு தொல்லை இருந்தது. அவர் எப்போது எதை மிதித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர்களுக்கும் தெரியாது.

பயிற்சிப் பள்ளி என்று பெயரே தவிர, இருந்தது ஒரே வண்டி. இரண்டாம் கையாக வாங்கிய சின்னக் கார். டேஷ்போர்டு வெயிலில் வெளிறி, பழைய சோப்புத் துண்டு மாதிரி ஓரங்களில் வெடித்திருந்தது. முனையில் இன்னொரு பயிற்சிப் பள்ளி புது வண்டிகளோடு திறந்ததிலிருந்து மாஸ்டருக்கு ஒரே கவலை, ஏசி. கண்ணாடியை இறக்கிவிட்டு வியர்க்க வியர்க்கக் கற்றுக்கொள்ள எவன் வருவான்? வந்தவர்களும் இரண்டாம் நாளே, "சார், ஏசி வேலை செய்யாதா?" என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் முனைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

முதல் வருடம் அவரே ஏசிக்கான கேஸ் டின் வாங்கி வந்து, வீட்டு வாசலில் வைத்துத் தானே ஏற்றினார். டின்னோடு வந்த சின்ன மீட்டரில் பச்சைக்கோடு இருந்தது. முள் பச்சைக்கு வந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியது முழு டின், பாதியை யார் தலையில் கொட்டுவது என்று மிச்சத்தையும் ஏற்றினார். பற்றாததற்கு இரண்டாவது டின்னையும் உடைத்தார். மறுநாள் ஏசி அனல் காற்றை ஊதியது. கூட இருந்த மாணவியிடம், "இன்னைக்கு வெயில் கொஞ்சம் அதிகம்" என்று சொல்லிச் சமாளித்தார்.

அன்று மாலை மூத்த மகளுக்கு போன் போட்டார். அவள் குளிர்சாதனப் படிப்பு படித்தவள். வெளியூரில் ஒரு காய்கறிக் குளிர்கிடங்கில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற வேலை.

"இன்ஜினியரம்மா, நிறைய ஏத்தினா நிறையக் குளிரணுமா இல்லையா?"

"நிறையச் சாப்பிட்டா நிறைய ஓட முடியுமாப்பா?"

"அது நீ பேசற பேச்சு. மெஷினுக்கு என்ன வயிறா இருக்கு?"

அவள் கிடங்கிலிருந்து கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷினைக் கடன் வாங்கி வந்து, இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, அளவாக ஏற்றிக் கொடுத்தாள். அதிலிருந்து அது அவள் வேலையாகிப் போனது.

வெயில் தொடங்கும்போது மூத்தவள் வருவாள். மாஸ்டர் வண்டியை வாசல் நிழலில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டுத் துணியால் துடைத்துக்கொண்டே நிற்பார். அவள் தம்பி, இளையவன், டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, எஞ்ஜினைப் போட்டு, ஏசியைக் கடைசிவரை திருப்பி, கதவுகளையெல்லாம் திறந்துவைப்பான். மூத்தவள் ஏசியின் தடித்த குழாயில் மூடியைத் திருகி எடுத்து, டின்னின் பித்தளை முனையை அழுத்துவாள். 'க்ளிக்'கென்று உட்காரும். கேஸ் குறைவாக இருந்தால் கம்ப்ரஸர் மூச்சு வாங்குகிறவன் மாதிரி டக்கென்று பிடிக்கும், உடனே விடும், மறுபடி பிடிக்கும். டின்னைக் குலுக்கிக் குலுக்கி ஏற்ற ஏற்ற அந்த டக் டக் நின்று, ஒரே சீராக ஓடத் தொடங்கும். டின் கையில் பனிக்கட்டியாகிவிடும். வாசலில் நிற்கிற அம்மா உள்ளே தலையை நீட்டி, "ஜில்லுனு வருது" என்று தீர்ப்புச் சொல்வாள். மாஸ்டர் மீட்டரை எட்டிப் பார்த்து, வருடம் தவறாமல், "இன்னும் கொஞ்சம் போடேன்" என்பார்.

அவளும் வருடம் தவறாமல் ஒன்று சொன்னாள்.

"கேஸ் என்ன பெட்ரோலாப்பா, ஓட ஓடத் தீர்றதுக்கு? மூடின குழாய்க்குள்ளயே சுத்திச் சுத்தி வர்றது. குறையுதுன்னா எங்கயோ ஓட்டை இருக்கு. அதைக் கண்டுபிடிக்கணும்."

"இருந்துட்டுப் போகட்டும் விடு. நானும் இருக்கேன், நீயும் இருக்க. வருஷத்துக்கு ஒரு டின். எதுக்கு அதைப் போய் நோண்டிக்கிட்டு?"

ஒரு வருடம் அவள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கேஸோடு சாயம் கலந்து ஏற்றிவிட்டுப் போனாள். ஓட்டை எங்கே இருந்தாலும் அந்தச் சாயமும் அங்கே கசியும், நீல விளக்கடித்தால் பச்சையாக மின்னும். அடுத்த முறை வந்தபோது பானெட்டின் மேல் போர்வையைப் போர்த்தி, அதற்குள் தலையை நுழைத்து, ஒவ்வொரு இணைப்பாக விளக்கடித்துப் பார்த்தாள். எல்லாம் சுத்தம். கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்து, ஏசித் தண்ணீர் சொட்டும் ரப்பர் குழாயைப் பார்த்தாள். அதன் வாயில் பச்சை மின்னியது.

"உள்ள இருக்கிற கூலிங் காயில்லதான் ஓட்டை. டேஷ்போர்டைக் கழட்டணும். ஒரு நாள் வண்டியைக் குடுங்க."

மாஸ்டர் முகம் மாறிவிட்டது. "டேஷ்போர்டையா? அதைத் தொட்டா இது பொடிப்பொடியாப் போயிடும். மறுபடி பழையபடி உட்காராது. திறக்காத வரைக்கும்தான் இதுக்கு மரியாதை."

"நான் கழட்டறேன்ப்பா. வேற யாரோ இல்ல."

"சரி. இந்த பேட்ச்சுக்கு டெஸ்ட் முடியட்டும்."

ஒரு பேட்ச் முடிவதற்குள் அடுத்தது ஏறிவிடும். அவள் ஒரு டின்னை ஏற்றிவிட்டு பஸ் பிடித்தாள்.

அவர் ஐஸ் தின்ன ஆரம்பித்தது போன வெயிலில்.

முதலில் தண்ணீரில் போட்டதைக் கடித்தார். பிறகு ஃப்ரிட்ஜ் தட்டிலிருந்தே எடுத்துக் கடித்தார். பிறகு ஒரு பிளாஸ்க் நிறையக் கட்டிகளை வண்டியில் எடுத்துப் போனார். வீட்டில் டிவி சத்தத்துக்கு மேல் அவர் கடிக்கும் சத்தம் கேட்டது. இளையவன், "அப்பா, பல் டாக்டருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?" என்று கிண்டல் செய்தான். அம்மாவுக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தது. மூத்தவளுக்கு போன் போட்டுச் சொன்னாள்.

"ஏசி சரியில்லடி. நாள் பூரா அந்த டப்பாவுக்குள்ள வேகறார். உடம்பு ஐஸ் கேக்குது. நீ வந்து ஏத்திவிட்டுப் போ."

மூத்தவள் வந்தாள், ஏற்றினாள். காற்று வரும் வாயில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தாள். குளிர் சரியாக இருந்தது. சோதிக்கலாம் என்று அப்பாவைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு ஒரு சுற்றுப் போனாள். கண்ணாடி மூடியிருந்தது, உள்ளே பனி மாதிரிக் குளிர். அவர் மடியில் பிளாஸ்க். கடித்துக்கொண்டே வந்தார்.

"குளிரலையாப்பா?"

"குளிருது."

"அப்புறம் எதுக்கு ஐஸ்?"

"வாய் கேக்குது. நீ ரோட்டைப் பாரு."

அவள் அவர் கையைப் பார்த்தாள். நகங்கள் காகிதம் மாதிரி வெளுத்திருந்தன. அவள் வண்டியை ஓரங்கட்டினாள். அல்லது அவர் கட்டினார்.

அந்த வாரமே தெருக்கோடி கிளினிக் டாக்டரிடம் போனார். ரத்தம் மிகவும் குறைவு, அதனால்தான் இந்த ஐஸ் வெறி என்றாராம். ஊசி, மாத்திரை, டானிக். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது, ஐஸ் குறைந்தது. போனில் குரலே தெம்பாக இருந்தது.

"ஒரு டின் ஏத்தினாப்ல இருக்கு" என்றார்.

"ஏன் குறைஞ்சதுன்னு பாத்தாங்களாப்பா?"

"பாத்தாச்சு. ஒண்ணும் இல்லையாம். வயசானா அப்படித்தானாம்."

மழைக்காலத்தில் மறுபடி வெளுத்தார், மறுபடி ஊசி. அவள் மறுபடி கேட்டாள். ரத்தம் காற்றில் கரைகிறதா, குறைந்தால் எங்கோ போகிறது என்றுதானே அர்த்தம் என்று சத்தம் போட்டாள். அவர் சிரித்தார். "டாக்டரை விட நீ பெரிய டாக்டர். எல்லா டெஸ்டும் எடுத்தாச்சும்மா. டாக்டரே சொல்லிட்டார், போதுமா?" டாக்டரே சொன்ன பிறகு அவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது.

வெயில் திரும்ப வருவதற்கு முன்னால், ஒரு காலைப் பயிற்சியின் நடுவில் அவர் மயங்கினார். கூட இருந்த மாணவி ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டே சொன்னாள். "நான் கரெக்டா ஓரம் கட்டி நிறுத்திட்டேன் அக்கா. திரும்பிப் பாக்கறேன், சார் கண்ணை மூடியிருக்கார்." மூத்தவள் அவளைத் தட்டிக்கொடுத்தாள். யார் நிறுத்தியது என்று சொல்லவில்லை.

குடலில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். ரொம்ப நாளாகக் கசிந்திருக்கிறது, இப்போது கல்லீரல்வரை போய்விட்டது என்றார். ஆரம்பத்தில் பார்த்திருந்தால் என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மாஸ்டர் வீடு திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குள் ஓடியது ஒன்றே ஒன்று. அந்தக் கிளினிக் டாக்டர். படித்தவன், மூடிய குழாயில் குறைகிறது என்றால் ஓட்டை என்றுகூடத் தெரியாதவன். டின் டின்னாக ஏற்றி அனுப்பியவன். கோபத்தை யாரிடமும் இரவல் வாங்க வேண்டியிருக்கவில்லை. சொந்தத் தொழில் அறிவே போதுமாக இருந்தது. ஒரு நாள் அவனை நேரில் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதை அவள் மனதுக்குள் ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

வாய்ப்பு வீடு தேடி வந்தது. வண்டியை விற்றுவிடலாம் என்று இளையவன் நாலு பேரிடம் சொல்லியிருந்தான்.

"கிளினிக் டாக்டர் கேக்கறார்க்கா. அவர் பொண்ணுக்குத் தானே கத்துக்குடுக்கணுமாம். பக்கத்துல பிரேக் இருக்கிற வண்டின்னா பயமில்லையாம். சாயங்காலம் வர்றார்." அவன் கையில் ஒரு கேஸ் டின் இருந்தது. "ஏசியைப் போட்டுப் பாக்காம யாரும் வாங்க மாட்டாங்க. இந்த வெயிலுக்கு ஒரு டின் ஏத்திவிடேன். ஜில்லுனு இருக்கும், பாத்ததும் பிடிச்சுடும்."

"காயில்ல ஓட்டை இருக்கு. கொஞ்ச நாள்ல போயிடும்."

"அது அவர் பாடு."

மூத்தவள் டின்னை வாங்கிக்கொண்டாள். பானெட்டைத் தூக்கினாள். மீட்டரை மாட்டினாள், முள் அடியிலேயே கிடந்தது. டின்னைக் குலுக்கினாள். திருகவில்லை. வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எஞ்ஜின் ஓடியும் கம்ப்ரஸர் பிடிக்கவே இல்லை. துடைத்துக்கொண்டு நிற்க ஆளில்லாமல் பானெட்டின் உள்பக்கம் தூசி படிந்திருந்தது.

டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். கசங்கிய சட்டை, களைத்த முகம். அவள் நினைத்துவைத்திருந்த ஆள் இல்லை.

"நீங்கதான் இன்ஜினியர் பொண்ணா? அப்பா உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாதும்மா."

"ஒண்ணு கேக்கணும் டாக்டர்." அவள் டின்னைக் கீழே வைத்தாள். "ரத்தம் குறைஞ்சுக்கிட்டே போச்சு. நீங்க ஏத்திக்கிட்டே இருந்தீங்க. எங்க போகுதுன்னு பாக்கத் தோணலையா?"

இளையவன், "அக்கா" என்றான். டாக்டர் கையிலிருந்த சாவியை ஒருமுறை திருப்பினார்.

"தோணாம என்ன? முதல் நாளே சொன்னேன். உள்ள கேமரா விட்டுப் பாக்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"பொண்ணு வரட்டும் டாக்டர், அவ இன்ஜினியர், அவகிட்ட கேட்டுட்டுச் செய்யறேன்னார். அப்புறம் நீங்க வந்துட்டுப் போனதாச் சொன்னார். பொண்ணு தேவையில்லைன்னுடுச்சுன்னார்."

டாக்டர் சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

"நான் வேற என்னம்மா பண்றது? மூச்சு வாங்கிட்டு வந்து உக்கார்ற மனுஷனுக்கு ஊசி போடாம அனுப்ப முடியுமா? போட்டேன். 'இப்ப தேவலை டாக்டர், இன்னும் கொஞ்சம் போடுங்களேன்'னு சிரிப்பார்."

இன்னும் கொஞ்சம் போடேன். அவளுக்கு அந்தக் குரல் அப்படியே காதில் கேட்டது. அவளிடம் டாக்டர் பெயரைச் சொல்லி, டாக்டரிடம் அவள் பெயரைச் சொல்லி, இரண்டு பேரையும் ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். இருவரும் தாங்கள்தான் ஓட்டுகிறோம் என்று நம்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து பிரேக் அவர் காலடியில் இருந்தது. தனக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு தடவை அதை அவர் மிதிக்கவில்லை. பயந்தாங்கொள்ளி, என்று அவள் நினைத்தாள். தெரு பூராவும் தைரியம் விநியோகம் செய்த பயந்தாங்கொள்ளி.

டாக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். "ஏசி எப்படிம்மா?"

"நல்லா இருக்கு சார்" என்றான் இளையவன்.

"கேஸ் இல்ல" என்றாள் மூத்தவள். "உள்ள காயில் ஓட்டை."

"ஒரு டின் ஏத்தினா வருஷம் பூரா ஓடும்னு அப்பா சொல்வாரே?"

"ஓடும். அவரும் அப்படித்தான் ஓட்டினார்."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று இளையவனிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார்.

"உனக்கு இப்ப சந்தோஷமா?" என்றான் இளையவன். அம்மா கதவில் சாய்ந்து நின்றாள். "ஒரு டின்னுதானேடி? ஏத்திவிட்டிருந்தா என்ன குறைஞ்சுடும்? உங்கப்பா இருந்திருந்தா ஏத்தியிருப்பார்."

"ஆமா" என்றாள். "ஏத்தியிருப்பார்."

மறுநாள் காலை அவள் பையிலிருந்து ஸ்குரூ டிரைவர்களை எடுத்தாள். "யாருக்குடி இப்ப இது?" என்று அம்மா கேட்டாள். முதலில் ஓரப்பட்டைகள், பிறகு ரேடியோ, பிறகு பக்கத்து இருக்கைக்கு எதிரே இருந்த சாமான் பெட்டி என்று கழற்றினாள். அதற்குள் ஒரு பிளாஸ்க் கிடந்தது, அடியில் கொஞ்சம் பழைய தண்ணீர். அதை எடுத்து வாசல் படியில் வைத்தாள். டேஷ்போர்டின் திருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எதுவும் பொடிப்பொடியாகவில்லை. வெடித்த ஓரம்கூட உடையாமல், முழுசாக, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரிக் கையோடு வந்தது.

பக்கத்து இருக்கையின் காலடியில் குனிந்து காயில் பெட்டியைப் பிடித்து இழுத்தபோது அவள் தோள் எதன் மேலோ பட்டது.

"அக்கா, பின்னால சிவப்பு விளக்கு எரியுது" என்று வெளியிலிருந்து இளையவன் குரல் கொடுத்தான். "யார் பிரேக் போடறது?"

அவள் தோளை எடுத்துக்கொண்டாள்.

காயில் வெளியே வந்தபோது பகல் சமையல்கூட முடியவில்லை. அதைப் படியில் வைத்து விளக்கடித்தாள். மூலையில், சுண்டுவிரல் நகம் அளவு, பச்சையாக எண்ணெய்க் கறை. இளையவன் கோபத்தை மறந்து குனிந்து பார்த்தான். விரலால் தொட்டான்.

"இவ்வளவு சின்னதா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா இத்தனை வருஷம்?" அவன் பிளாஸ்க்கைப் பார்த்தான், திறந்து கிடந்த வண்டியைப் பார்த்தான். "இப்ப சரி பண்ணிடலாமாக்கா?"

அவள் விளக்கை அணைத்தாள்.

"வண்டியைப் பண்ணிடலாம்."